சொன்ன நேரம்

அமெரிக்காவின் கால் மைல் கார்ப் பந்தயங்களுள் பிராக்கெட் வகை வேறானது. ஓட்டுநர் தமது ஓட்ட நேரத்தைத் தாமே கணித்துக் கண்ணாடியில் எழுதுகிறார். நேர வேறுபாட்டின் அளவுக்கு மெதுவான கார் முன்னதாகப் புறப்படும். எழுதியதைவிடக் குறைந்த நேரத்தில் ஓடி முடிப்பது தோல்விக்குரிய பிழை.

1964ஆம் ஆண்டின் போன்டியாக் ஜி.டி.ஓ. மூன்று கார்புரேட்டர்களுடனும் விற்கப்பட்டது. நடுவிலுள்ளது எப்போதும் இயங்கும். ஓரத்து இரண்டும் ஆக்சிலரேட்டரை ஆழ மிதித்தால்தான் திறக்கும். அவை திறக்கும் கணம் ஓட்டத்துக்கு ஓட்டம் சற்றே மாறினாலும் கணிப்பு பிசகும். அவ்விரண்டின் இணைப்பைக் கழற்றினால் கார் மெதுவாகும், நேரமோ நிலைப்படும்.

ஒருமுறை கிட்டிய சிறந்த முடிவைவிட மீண்டும் மீண்டும் கிட்டும் முடிவே நம்பத்தக்கது என்பதை ஆய்வாளர் அறிவர். எந்த வேகத்திற்காக அந்தக் காரை விரும்பி வாங்கினாரோ, அதையே ஓட்டுநர் தம் கையால் கழற்றி வைக்கிறார்.