ரிச்சி தெருவில் ஒரே போனுக்கு மூன்று விலை!

சென்னை மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால், சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் நடந்தே போய்விடலாம் ரிச்சி தெருவுக்கு. பெயர்தான் ஒரு தெரு. பக்கத்தில் இருக்கும் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஜனங்கள் ‘ரிச்சி ஸ்ட்ரீட்’ என்கிறார்கள். ஒரு காலத்தில் ரேடியோ ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க வந்த கூட்டம், பிறகு டி.வி-க்கும் கம்ப்யூட்டருக்கும் வந்தது. இப்போது செல்போனுக்கு வருகிறது.

அட்டைப்பெட்டிகளைச் சுமந்த வண்டிகள் ஹாரன் அடித்தபடி நுழைய, கடை வாசல்களில் கேபிள்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. “சார், என்ன பார்க்கறீங்க? டிஸ்ப்ளேவா, பேட்டரியா?” என்று நாலு பக்கமும் குரல்கள். இந்தக் கூட்டத்தில் வாங்க வருபவர்கள் மட்டுமல்ல, விற்க வருபவர்களும் உண்டு. பாக்கெட்டில் புதுப் போன், பையில் பழைய போன். முகத்தில் கொஞ்சம் கோபம். அநேகமாக அவர்கள் ஏற்கெனவே ‘எக்ஸ்சேஞ்ச்’ முயற்சி செய்து பார்த்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

எக்ஸ்சேஞ்ச் விளம்பரத்தில் எல்லோரும் பார்ப்பது எண்ணை. பார்க்கத் தவறுவது அதற்குப் பக்கத்தில் இருக்கும் ‘வரை’ என்ற சின்ன வார்த்தையை. ‘15,000 ரூபாய் வரை’ என்றால், அந்த உச்சவிலை ஏதோ ஒரு விலையுயர்ந்த மாடலுக்கு மட்டும்தான். கைவசம் இருக்கும் மூன்று வருடப் போனுக்கு அதில் கால்வாசி கிடைத்தாலே அதிர்ஷ்டம். அந்தத் தொகையும் நிச்சயமில்லை. புதுப் போனைக் கொண்டுவருபவர் வாசலில் நின்று பழையதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். திரையில் ஒரு கோடு, மூலையில் ஒரு விரிசல் தெரிந்தால் விலை குறையும். அல்லது எக்ஸ்சேஞ்சே ரத்தாகும். மீதித் தொகையை அங்கேயே கட்ட வேண்டும். ‘அடிமாட்டு விலைக்குக் கேட்கிறாங்களே’ என்று வீட்டில் எல்லோருக்கும் வயிறு எரியும்.

சரி, தெரிந்தவர்களுக்கே விற்கலாம் என்றால், அது வேறு விதத் தலைவலி. இணையத்தில் விளம்பரம் போட்ட ஐந்தாவது நிமிடம் “கடைசி விலை என்ன?” என்று மெசேஜ் வரும். போனைப் பார்க்காமலே பாதி விலைக்குக் கேட்பவர்கள், ‘சாயந்திரம் வர்றேன்’ என்று சொல்லிவிட்டு வராதவர்கள் என ஒரு வாரம் ஓடிவிடும். சொந்தக்காரருக்கு விற்றால் இன்னும் சிக்கல். ஆறு மாதம் கழித்து பேட்டரி போனாலும், அடுத்த கல்யாண வீட்டில் பேச்சு வரும். ஆயுள்கால சர்வீஸுக்கு எழுதிக் கொடுத்த மாதிரிதான்!

இதற்கு நடுவில் மோசடிக்காரர்களும் நுழைகிறார்கள். ‘பணம் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க’ என்பார்கள். யு.பி.ஐ-யில் பணம் பெறுவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் கேட்டாலே பணம் நம் கணக்கிலிருந்து போகிறது என்று அர்த்தம்.

ரிச்சி தெருவின் பழுது பார்க்கும் கடைகளில் பழைய போனை எடைபோடும் விதமே வேறு. மேஜை விளக்கின் கீழ் வைத்து, பின்பக்கத்தைத் திறந்து பார்ப்பவரின் கண்ணுக்கு அது போனாகத் தெரிவதில்லை. ஒரு டிஸ்ப்ளே, ஒரு கேமரா, ஒரு போர்டு, ஒரு ஸ்பீக்கர். ஆன் ஆகாத போனை எக்ஸ்சேஞ்சில் சீந்த மாட்டார்கள். இங்கே அதன் டிஸ்ப்ளே நன்றாக இருந்தால், கீழே விழுந்து திரை நொறுங்கிய இன்னொரு போனுக்கு உயிர் வரும். அதனால் அதற்கும் ஒரு விலை உண்டு. ஆனால், நன்றாக ஓடும் போனுக்கும் இங்கே வியாபாரியின் லாபம் போகத்தான் விலை கிடைக்கும்.

ஆக, ஒரே போனுக்கு மூன்று விலை. புதுப் போனை விற்க நினைக்கும் கம்பெனிக்கு அது ஒரு தள்ளுபடிக் கணக்கு. ரிச்சி தெருவுக்கு அது உதிரிபாகம். அதைத் தினமும் பயன்படுத்தப்போகும் கல்லூரி மாணவிக்கோ, தனியாக இருக்கும் தாத்தாவுக்கோதான் அது முழுசாக ஒரு போன். அதனால்தான் நேரடி விற்பனையில் கூடுதல் விலை கிடைக்கிறது. அலைச்சலும் பொறுமையும்தான் அந்தக் கூடுதல் விலைக்கான கூலி.

எந்த வழியில் விற்றாலும் பில்லும் டப்பாவும் இருந்தால் மதிப்பு தனி. திருட்டுப் போன் பயம் வாங்குபவருக்கு எப்போதும் உண்டு. *#06# அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ எண் திரையில் வரும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ் அனுப்பினால் போனின் விவரம் தெரியும். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்திலும் பார்க்கலாம். விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்தே இதைச் செய்துவிட்டால், பேரத்தில் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

கைமாறும் முன் செய்ய வேண்டியவையும் உண்டு. முதலில் போட்டோக்களையும் தொடர்பு எண்களையும் வேறிடத்தில் சேமிக்க வேண்டும். மறைந்துபோன அப்பாவின் குரல் பதிவு பழைய வாட்ஸ்அப்பில் மட்டும் இருக்கலாம்; விற்ற பிறகு எந்தக் கடைக்காரராலும் அதை மீட்டுத் தர முடியாது. பிறகு சிம்மையும் மெமரி கார்டையும் கழற்ற வேண்டும். கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறிய பிறகே ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டும். வெளியேற மறந்தால், வாங்கியவர் கையில் போன் பூட்டிக்கொள்ளும். மறுபடியும் ஃபோன் மேல் ஃபோன் வரும்.

நேரமே இல்லாதவருக்கு எக்ஸ்சேஞ்ச் போதும். உடைந்துபோன போனுக்கு ரிச்சி தெரு. நன்றாக ஓடும் போனுக்கு, நாலு பேரிடம் விசாரித்து, நேரடியாக விற்பதே லாபம். ரிச்சி தெருவுக்குப் போவதென்றால் வார நாளில் போவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. போனதும் முதல் கடையிலேயே போனைக் கொடுத்துவிடாமல், மூன்று கடை ஏறி இறங்க வேண்டும். அந்தத் தெருவில் விலையைச் சொல்பவர் யாரும் கடைசி விலையை முதலில் சொல்வதில்லை!