கத்தரிப் பூவும் சாவணமும்

இலங்கையின் 2022 டொலர் நெருக்கடியில் இறக்குமதி மரக்கறி விதையின் விலை ஏறியபோது, "சொந்த விதை" என்ற பேச்சு நாடெங்கும் கேட்டது. அந்தச் சொந்த விதையை உண்டாக்குகிறவர் யார் என்று பேராதனையில் விவசாயம் கற்பிக்கும் நண்பரிடம் கேட்டேன். "வாங்களேன், காட்டுகிறேன்" என்று கன்னொறுவைக்குக் கூட்டிப்போனார்.

பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்கு எதிர்க்கரையில், மகாவலியோரம் உள்ள ஊர். 1638இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயரை முறியடித்த இடம். இன்று அங்கே விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி வயல்களும் தாவர மரபுவள நிலையமும் இருக்கின்றன. குளிரறை விதைப் பொதிகளையும் டிஎன்ஏ பிரிக்கும் கருவிகளையும் நண்பர் விளக்கினார். எனக்குப் பாதிகூட ஏறவில்லை, அதை விடுகிறேன். என் கால் நின்றது அந்த நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு தனியார் விதைத் தோட்டத்தில், கத்தரிப் பாத்திக்குள் குந்தியிருந்த ஒரு அக்காவின் பக்கத்தில்.

இரண்டு கத்தரி இரகங்களைக் கலப்பதே அவர் வேலை. கையில் நுனி தேய்ந்த ஒரு சாவணம். மறுநாள் விரியப்போகும் மொட்டைப் பிற்பகலில் தேர்ந்து, இதழைப் பிளந்து, மஞ்சள் மகரந்தக்கூடுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார். நடுத்தம்பத்தில் கீறல் பட்டால் பூ வீண். ஒரு கூடு மிஞ்சினாலும் பூ தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும், கலப்பு வீண். பிறகு காகித உறை, நூலில் கட்டிய அட்டை. மறுநாள் காலை ஆண் வரிசையின் மகரந்தத்தைக் குறியில் தொட்டுவைக்கிறார். இரகம் மாறும்போதெல்லாம் சாவணம் ஸ்பிரிட்டில் முங்கி எழுகிறது.

"எல்லாப் பூவும் ஒதவாது சேர். நடுத்தண்டு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கணும். உள்ளுக்கே குட்டையா இருந்தா காய் பிடிக்காது, கொட்டிரும்."

இந்த விரல்கள் கொழுந்து பறித்துப் பழகியவை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்தவர் அவர். நிறை காணாத நாளில் அரைப்பேர், அதாவது பாதிக் கூலிதான். ஈரக் கொழுந்து, கூடைப் பாரம் என்று தராசடியில் கழித்தது போக மிஞ்சியதுதான் நிறை. கலியாணமாகிக் கண்டிப் பக்கம் இறங்கிவந்தவருக்கு, ஒரு மேற்பார்வையாளர் இந்தச் சாவணத்தைக் கொடுத்துப் பழக்கினார். இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பழக்குவது இவர்தான். கூலி மட்டும் இன்னும் நாட்கூலி.

இந்தக் கலப்பு எதற்கு? உருண்டைக் கத்தரியையும் நீளக் கத்தரியையும் கலந்தால், முதல் தலைமுறை பெரும்பாலும் இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவில், செடிக்குச் செடி ஒரே சீராகக் காய்க்கும். சந்தை கேட்பது இந்தச் சீரைத்தான். அந்தக் காயின் விதையை எடுத்து நட்டாலோ உருண்டை, நீளம், நடுத்தரம் என்று பிரிந்துவிடும். ஆகவே போகத்துக்குப் போகம் புதுவிதை வேண்டும். போகத்துக்குப் போகம் அக்காவும் குந்தவேண்டும்.

வடிவம் இப்படிப் பிரிவதற்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் எட்மண்ட் சின்னொட் 1920களில் பூசணி இனத்தை ஆராய்ந்து, தட்டை, உருண்டை, நீளம் ஆகிய மூன்றும் இரண்டே பரம்பரை அலகுகளால் 9:6:1 என்று பிரிவதைக் காட்டினார். தக்காளியில் பழத்தின் வடிவத்தை ஆளும் பரம்பரை அலகுகளான 'ஓவேட்' 2002இலும் 'சன்' 2008இலும் அடையாளமாயின. ஓவேட் பழுதானால் பூ விரியுமுன்னே சூலகம் நீளத் தொடங்குகிறது. சன்னின் வேலை பெரும்பாலும் மகரந்தம் சேர்ந்த பிறகு. இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். வேலியில் படர்ந்த புடலங்கொடியைக் காட்டினார். "பொம்பளப் பூவுக்குக் கீழ பாருங்க, பிஞ்சு இப்பவே நீட்டமாத்தானே இருக்கு?"

ஆனால் காய் கோணுவது விதையால் மட்டுமல்ல. மகரந்தம் சரியாகச் சேராவிட்டால் கோணும். தண்ணீர் தட்டினால் கோணும். ஈ குத்தினால் கோணும். புடலங்காயின் நுனியில் கல்லைக் கட்டி நிமிர்த்துவது நம் வீடுகளில் பழகிய வேலை. சந்தை வியாபாரிக்கு இந்தக் காரணங்கள் ஒன்றும் தேவையில்லை. கோணல் காய் தனிக்குவியல், பாதி விலை. நல்ல காயிலும் மூடைக்கு இத்தனை கிலோ 'கழிவு', அதற்குமேல் கொமிசன். தராசு அவருடையது, விலை அவருடையது, எது அழகான காய் என்ற தீர்ப்பும் அவருடையது. ஒரு மொட்டையும் பிளந்து பார்க்காதவர் வடிவத்துக்கு விலை வைக்கிறார். அந்த வடிவத்தை உண்டாக்குகிறவரோ அந்தியில் அன்றைய கூலியை எண்ணிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறார். தேயிலைத் தராசை விட்டு வந்தவரின் உழைப்பு மரக்கறித் தராசில் மறுபடி கழிபடுகிறது.

கோணியிருப்பதால் மட்டும் காயில் சத்தோ ருசியோ குறைந்துவிடாது; சந்தையில் கோணல் காயை ஒதுக்காமல் வாங்குங்கள். விதை விற்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும்: இனக்கலப்பு தெரிந்த கைக்கு நிரந்தர வேலையும் தொழில் தெரிந்தவருக்குரிய சம்பளமும் கொடுங்கள். அதைக் கொடுக்காதவரை, சொந்த விதை என்று நாம் பேசுவது வெறும் பேச்சுத்தான்.