கேமரா அணைந்திருந்த வகுப்பு

"கேமராவைப் போடாதவன் தூங்குறான் சார்" என்று கொரோனா காலத்தில் சக ஆசிரியர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இருந்ததே இல்லை. திருத்தணியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பல வீடுகளில் ஒரே போன்தான். அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்.

2021 ஜனவரியில் தமிழக அரசு, சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை தினமும் 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் இலவச டேட்டா போனையோ சிக்னலையோ கூட்டிக்கொண்டு வராது.

அதனால் என் வகுப்பில் வீடியோ கட்டாயமில்லை. கொஞ்ச நேரம் பேசுவேன், ஒரு கேள்வி கேட்பேன், பதில் சாட்டில் வரவேண்டும். தமிழ், தங்கிலீஷ், தெலுங்கு எதுவானாலும் சரி. 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவில் இருந்த ஊர் திருத்தணி. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் இன்றும் நிறைய. நேரடி வகுப்பில் வாயே திறக்காத மாணவி ஒருத்தி சாட்டில் என்னையே மடக்கினாள். எழுத்தில் கூச்சம் போய்விடுகிறது போலும்.

(ராதாகிருஷ்ணன் பிறந்த ஊரில் ஆசிரியர் தின வாழ்த்துக்குப் பஞ்சமில்லை, டவருக்குத்தான் பஞ்சம்!)

வகுப்பு முடிந்ததும் சாரத்தைச் சிறிய வாய்ஸ் நோட்டாக வாட்ஸ்அப்பில் போடுவேன். ராத்திரி போன் கைக்கு வந்தபிறகு கேட்டுவிட்டுச் சந்தேகம் அனுப்புவார்கள். வருகைப்பதிவில் அவர்களையும் சேர்த்துக்கொண்டேன். அலுவலகத்தில் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும்.