பூனையின் கண்ணும் உடலின் நோயும்

பூனையின் கண் சிவந்தால் நகம் கீறியிருக்கும், தூசி விழுந்திருக்கும் என்று வீட்டார் அமைதியடைவர். பல வேளைகளில் அது சரியே. ஆயின் கதிராளியின் நிறம் மாறி, கண்மணி சுருங்கி, உள்ளே கலங்கல் தோன்றுமாயின் நோய் கண்ணளவில் நின்றுவிட்டதெனக் கொள்ளல் தகாது. குருதிக்கலன்கள் செறிந்த பகுதி அது. உடலெங்கும் உலவும் நோய் அங்கே முதலில் முகங்காட்டக்கூடும். 1964 இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜரெற் கண்டறிந்த வெண்குருதிப் புற்று வைரசும், டொக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணியும் இவ்வழற்சிக்குக் காரணமாகலாம். எல்லாப் பரிசோதனைகளின் பின்னரும் காரணம் புலப்படாத பூனைகளும் பல.

இவற்றுட் கொடியது, கொரோனா வைரசொன்றின் திரிபால் விளையும் தொற்று வயிற்றுறையழற்சி. வயிறு வீங்காத வகையில் கண்ணே முதற்சாட்சியாகலாம். பூனையோ நோவை மறைத்து வாழும் பிராணி! அழற்சி தணிக்கும் சொட்டுமருந்தால் சிவப்பு மறையும், வீட்டார் மகிழ்வர், உள்நோய் வளரும். முன்னர் இத்தாமதத்தால் இழப்பதற்கு அதிகமிருக்கவில்லை. நோய் கண்டவை பெரும்பாலும் மடிந்தன. 2019 இல் நீல்ஸ் பெடர்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்விலோ, புதிய மருந்து பெற்ற 31 பூனைகளுள் 25 நெடுநாள் பிழைத்தன. கண்ணுக்குள்ளும் மூளைக்குள்ளும் அம்மருந்து எளிதிற் புகுவதில்லை. அங்கு நோயுற்ற பூனைகளுக்கு அதன் அளவைக் கூட்டியே கொடுக்கின்றனர்.