மேட்டுக்கும் பள்ளத்துக்கும் மூன்று சக்கரம்

விமான நிலையத்தை ஒட்டிய லம்பா லைனில் வாசலை விட்டு இறங்கினால் ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். சிசேரியனுக்குப் பிறகு அந்த இளம் தாயால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை.

"இடுப்பு இருக்க வண்டி எதுக்கும்மா?" என்றார் மாமியார்.

"இடுப்புதான் முடியலையே, அத்தை."

முதலில் வாங்கிய நான்கு சக்கர வண்டி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சின்னஞ்சிறு பிளாஸ்டிக் சக்கரம் ஜல்லியில் சிக்க, வண்டி முன்னால் குப்புறச் சாய்ந்தது. இடுப்புப் பட்டைதான் குழந்தையைக் காப்பாற்றியது.

முக்காலி மேடுபள்ளத்திலும் ஆடாது என்பது தச்சர் அறிந்த கணக்கு. 1984இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஃபில் பெய்ச்லர், மகனோடு ஓடுவதற்காகத் தள்ளுவண்டியில் சைக்கிள் சக்கரங்களைப் பொருத்தினார். அந்த ரகம்தான் இவர்களுக்கும் தேவைப்பட்டது. காற்றடைத்த பெரிய சக்கரம் குழியில் சிக்காமல் ஏறிக் கடக்கும். ஆனால் வேகமாகத் திருப்பினால் பக்கவாட்டில் கவிழும். எனவே பின்சக்கரங்களுக்கிடையே அகலம் வேண்டும். முன்சக்கரம் கடைத்தெருவில் சுழல வேண்டும், கரடுமுரடான பாதையில் நேராகப் பூட்டிக்கொள்ள வேண்டும். இறக்கத்துக்குக் கைப்பிரேக், மணிக்கட்டு வார். கடற்காற்றில் துருப்பிடிக்காத அலுமினியச் சட்டம்.

புது வண்டியை முதல் மாலை தள்ளியவர் மாமியார்தான். இறக்கம் வந்ததும், யாரும் சொல்லாமலே வாரை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். பல மாதங்களுக்குப் பிறகு மருமகள் கைவீசி நடந்தாள்.