அவ எங்க போயிடப் போறா?

போன மாதம் என் பையன் பெங்களூரிலிருந்து வரும்போது பேரனுக்குப் புதுசாக ஒரு வீடியோ கேம் வாங்கி வந்தான். விலையைச் சொன்னான். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். டி.வி.யில் போட்டதும் அசந்துதான் போனேன். மழை பெய்கிறது. தார் ரோட்டில் தேங்கிய தண்ணீரில் சிவப்பு சிக்னல் தளும்புகிறது. ஹீரோவின் கோட்டு நனைந்து கனத்து ஆடுகிறது. எனக்கே துவட்டிக்கொள்ளத் துண்டு வேண்டும் போலிருந்தது.

பேரன் அரை மணிதான் ஆடினான். எழுந்து போய் மைன்க்ராஃப்டைத் திறந்துகொண்டான். அதில் மரம் சதுரம், மாடு சதுரம், சூரியன்கூட சதுரம். 2011-ல் முழுசாக வெளிவந்த ஆட்டம். பார்த்தால் யாரோ அவசரத்தில் தீப்பெட்டிகளை அடுக்கி வைத்த மாதிரி இருக்கும்.

"ஏன்டா, அப்பா ஆசையா வாங்கிட்டு வந்தது?"

"அது செட்டு தாத்தா. அந்தத் தெருவுல ஒரு கதவுகூடத் திறக்கல. எல்லாம் பெயின்ட் அடிச்ச கதவு."

"இதுல?"

"இதுல எதை வேணா வெட்டலாம். வெட்டினா கையில வரும். வெச்சா நிக்கும்."

பத்து வயசு. எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா கணக்கு வாத்தியார். செய்யாறு பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஹெட்மாஸ்டராக ரிடையர் ஆனவர். 1995-ல் அம்மா போனாள். அதற்கு முந்தைய எட்டு மாதம் ஆஸ்பத்திரி வாசம். மருந்தை மாற்றினார்கள், நாங்கள் டாக்டரை மாற்றினோம். அப்பா மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். யார் என்ன செய்தும் ஒன்றும் நடக்கவில்லை. காரியம் முடிந்து மெட்ராஸில் எங்களோடு வந்து தங்கிய மனுஷர், ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை பேசினார். காபி, பேப்பர், ம்.

அப்போது பையனுக்காக பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய ஒரு வீடியோ கேம் டப்பா வீட்டில் இருந்தது. ஜப்பான் மிஷினின் நகல். கேஸட்டில் '999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே உருப்படியாக ஏழெட்டு ஆட்டம். மீதி அதே ஆட்டங்கள், வேறு நம்பரில். (பேரம் பேசிய பெருமையில் இதைக் கவனிக்கவில்லை.)

ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். ஹாலில் நீல வெளிச்சம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, என் அப்பா மாரியோ ஆடிக்கொண்டிருந்தார். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்திருந்தார். மாரியோ தாவும்போதெல்லாம் ஜாய்ஸ்டிக்கைக் கூடவே மேலே தூக்கினார். பள்ளம் வந்தால் உடம்பே வலப்பக்கம் சாய்ந்தது. நான் பின்னால் நின்றது அவருக்குத் தெரியவில்லை. ஐந்து நிமிஷம் நின்றேன்.

மாரியோ 1985-ல் வந்தது. மொத்தம் 40 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோவுக்குள் ஐம்பது மாரியோவைத் திணித்துவிடலாம். இடம் பத்தாமல், மேலே போகும் மேகத்தையும் கீழே இருக்கும் புதரையும் ஒரே படத்தில் ஒப்பேற்றியிருக்கிறார்கள். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். எங்கள் வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆட்டத்துக்குள் இறங்கியவனுக்குப் புதரைப் பார்க்க ஏது நேரம்?

எங்கள் ஊர்ப் பக்கம் பாரதக்கூத்து நடக்கும். ஒரு பெஞ்சுதான் துரியோதனன் சிம்மாசனம். அபிமன்யு சாகும்போது கிழவிகள் மூக்கைச் சிந்துவார்கள். பெஞ்சைப் பற்றி ஒருத்தியும் புகார் சொன்னதில்லை. ஆனால் ஒரு வருஷம், துரியோதனன் வேஷக்காரர் வசனத்துக்கு நடுவே திரை ஓரமாகத் திரும்பி ஒரு பீடி பற்ற வைத்துவிட்டார். அவ்வளவுதான், ஜனங்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்து விட்டார்கள். பேரன் சொன்ன பெயின்ட் கதவு, அந்த பீடிதான்.

மறுநாள் அப்பாவிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். மூன்று வார்த்தை மனுஷர் முப்பது வார்த்தை பேசினார்.

"இதைப் பண்ணினவன் நல்ல வாத்தியார்டா. பாரு, ஆரம்பிச்ச உடனே நாய்க்குடை மாதிரி ஒண்ணு எதிர்ல வருது. சும்மா நின்னா செத்துடறேன். அடுத்த தடவை ஏதாவது அமுக்கிப் பாக்கறேன். குதிக்குது. மேல பெட்டியில தலை இடிச்சா காசு வருது. போர்டுல ஒரு வரி எழுதாம பாடம் எடுத்துட்டான்."

அந்த வாத்தியார் பெயர் ஷிகெரு மியாமோட்டோ. முதல் கட்டத்தை அவர் வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார் என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பா படிக்காமலே சொன்னார்.

இன்னொரு விஷயம், அந்தக் குதி. பட்டனைத் தட்டினால் சின்னத் தாவல். அழுத்திப் பிடித்தால் உயரத் தாவல். அந்தரத்தில் இருக்கும்போதே திசையைக் கொஞ்சம் திருப்பலாம். நியூட்டன் ஒப்புக்கொள்ள மாட்டார், ஆனால் கை ஒப்புக்கொள்கிறது. மிஷின் செகண்டுக்கு ஐம்பது அறுபது தடவை படத்தை மாற்றி வரைகிறது. விரல் அசைந்த கணத்தில் அவன் அசைகிறான். கேம் தயாரிப்பவர்களுக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு செகண்டுதான் லட்சுமணன் கோடு. அதைத் தாண்டிப் பதில் வந்தால், நாம் வேறு அவன் வேறு ஆகிவிடுகிறோம். அதற்குள் வந்தால் அவன் கால் நம் கால். அப்பா வலப்பக்கம் சாய்ந்ததன் ரகசியம் இதுதான்.

அதே கேஸட்டில் ஒரு கார் ரேஸ் இருந்தது. படம் மாரியோவைவிட நன்றாகவே இருக்கும். அப்பா ஒரே ஒரு நாள் தொட்டார். "நான் திருப்பின அப்புறம் யோசிச்சுத் திரும்பறான். வேண்டாம்."

மாரியோவில் விழுந்தால் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. "நான்தான் லேட்டா அமுக்கிட்டேன்" என்பார். தப்பு நம்முடையது, அடுத்த தடவை சரியாகிவிடும் என்று தோன்றினால் மனுஷன் எழுந்து போக மாட்டான். ஆட்டம் ஏமாற்றுகிறது என்று ஒரு சந்தேகம் வந்தால் போதும், ஜாய்ஸ்டிக் பறக்கும்.

ஒரு நாள் கேட்டேன். "தினமும் அதேதானே... போரடிக்கலையாப்பா?"

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நான் அமுக்கினா அவன் குதிக்கறான்டா. தினமும் குதிக்கறான். எட்டு மாசம் நான் அமுக்கினது எதுவும்..."

முடிக்கவில்லை. உள்ளே போய்விட்டார். நானும் பேப்பரை எடுத்துக்கொண்டேன். அதில் என்ன போட்டிருந்தது என்று சத்தியமாகத் தெரியாது.

மாரியோவில் மொத்தம் எட்டு உலகம். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கோட்டை. நெருப்பைத் தாண்டி உள்ளே போனால், காளான் தலையோடு ஒரு ஆள் நின்றுகொண்டு, இளவரசி இங்கே இல்லை, வேறு கோட்டையில் இருக்கிறாள் என்று கையை விரிப்பான். இப்படி ஏழு கோட்டையிலும்! "கவர்மென்ட் ஆபீஸ்ல வேலை பாத்திருப்பான் போலிருக்கு" என்றார் அப்பா. அம்மா போன பிறகு அவர் அடித்த முதல் ஜோக் அது. என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

எட்டாவது கோட்டை ஒரு சுற்றுப்பாதை. தப்பான குழாயில் நுழைந்தால் வந்த இடத்துக்கே திரும்ப வரும். அப்பா கணக்கு நோட்டில் படம் போட்டு வைத்துக்கொண்டார். 1996-ல் ஒரு சனிக்கிழமை ராத்திரி, பேரன் பக்கத்தில், நானும் மனைவியும் நாற்காலியில். பதினொன்றே முக்கால் இருக்கும். கடைசிப் பாலத்துக்கு வந்துவிட்டார். எதிரே அந்த ஆமை ராட்சசன். அவனுக்குப் பின்னால்தான் இளவரசி. யாரும் மூச்சு விடவில்லை.

கரண்ட் போயிற்று.

அந்த ஆட்டத்தில் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியெல்லாம் கிடையாது. கரண்ட் வந்ததும் முதல் நாய்க்குடையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இருட்டில் என் பையன் ஓவென்று அழ ஆரம்பித்தான். என் மனைவி, "ஐயையோ மாமா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டது வளையல் சத்தத்தில் தெரிந்தது. நான் எலெக்ட்ரிசிடி போர்டின் மூன்று தலைமுறையைத் திட்டினேன்.

அப்பா குரல் மட்டும் சாவதானமாக வந்தது.

"அழாதடா கண்ணு. வழிதான் தெரிஞ்சுபோச்சே. நாளைக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போலாம். அவ எங்க போயிடப் போறா?"

மெழுகுவத்தி வந்தபோது, கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். பையன் அவர் மடியில் தூங்கிவிட்டிருந்தான்.