மகனுக்கு ஒரு மடக்குக் கத்தி

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை முடித்த எங்கள் மூத்த மகன், கல்லூரி திறக்கும்வரை தந்தையோடு ஏரித் தொழிலுக்கு வருவதாகச் சொன்னான். சொன்னதோடு நில்லாமல், "அப்பா, எனக்கென்று ஒரு கத்தி வேண்டும்" என்றும் கேட்டான். தாயின் முகம் வாடிவிட்டது. "நாலு பேர் கூடுகிற இடத்தில் மடியிலே கத்தி இருந்தால் கை சும்மா இருக்குமா?" என்பது தாயின் கேள்வி. "கத்தி இல்லாமல் படகில் ஏறுகிறவன் பாதி ஆள்" என்பது தந்தையின் விடை. இரண்டிலும் உண்மை இருந்தபடியால், அன்றிரவு எங்கள் வீட்டில் உறக்கம் தாமதமாகவே வந்தது.

பழவேற்காடு ஏரியை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழகத்தையும் ஆந்திரத்தையும் தழுவிக் கிடக்கும் இவ்வுவர்நீர்ப் பரப்பு, இந்தியாவில் ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்த பெருமை உடையது. பல இடங்களில் நின்றால் நீர் இடுப்பளவுதான். ஆயினும் ஆழமில்லாத நீரில் ஆபத்தில்லை என்று எண்ணுவது தவறு. முகத்துவாரத்தருகே நீரோட்டம் வலுவாக இழுக்கும். முன்னாளைய பருத்தி வலை இற்று அறுந்துவிடும். இன்றைய நைலான் வலை காலிலே சுற்றிக்கொண்டால் கையால் அறுக்க இயலாது.

எங்கள் வீட்டுத் தாத்தா இளைஞராயிருந்தபோது, நங்கூரம் இறக்குகையில் கயிறு ஒருவருடைய கணுக்காலைச் சுற்றி அவரை நீருக்குள் இழுத்ததாம். தாத்தா மடியிலிருந்த கத்தியால் கயிற்றை அறுத்தார். நங்கூரம் போயிற்று, மனிதர் பிழைத்தார். அந்தக் கத்தி சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கியது. அந்தச் சந்தை 1985ஆம் ஆண்டு தீக்கிரையாயிற்று. கத்தியோ தீட்டித் தீட்டி அலகு மெலிந்துபோய், இன்றும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. அதை மறுபடி ஏரிக்குக் கொண்டுபோக எவருக்கும் மனம் வரவில்லை.

ஆகவே புதிதாக ஒன்று வாங்குவதென்று முடிவாயிற்று. கையிருப்பு 400 ரூபாய். அதற்குள் கத்தியும் வேண்டும். அதைத் தீட்ட ஒரு கல்லும் வேண்டும்.

ஏமாந்த அனுபவம் ஒன்று எங்களுக்கு முன்பே உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழாக் கடையில், கத்தரி, அரம், மூடி திறப்பான், திருகாணி முடுக்கி என்று பல கருவிகள் மடங்கிக் கிடந்த பளபளப்பான கத்தியொன்றைக் கண்டு மயங்கி வாங்கினோம். ஒரு மாதம் ஏரிக்குப் போய் வந்ததும் அத்தனையும் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பல கருவிகள் கொண்ட கத்தி தன்னளவில் குற்றமுடையதன்று. சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்செனர் என்பவர் 1897இல் பதிவு செய்த அதிகாரிகளுக்கான கத்தி, இன்று உலகமெங்கும் புகழ் பெற்றிருக்கிறது. ஆனால் அத்தனை உறுப்புகளையும் செம்மையாகச் செய்யப் பெரும்பொருள் வேண்டும். குறைந்த விலையில் பத்துக் கருவி கேட்டால், பத்தும் அரைகுறையாகத்தான் வரும். அதே விலைக்கு ஒரே அலகு கேட்டால், அந்த ஒன்றாவது நன்றாயிருக்கக் கூடும். இதுவே நாங்கள் கற்ற முதற்பாடம்.

இம்முறை பொன்னேரிக் கடைத்தெருவுக்கு மூவருமாகச் சென்றோம். கடைக்காரர் எடுத்துப் போட்ட கத்திகளை மகன் கையிலேயே கொடுத்துச் சோதிக்கச் செய்தோம். அலகைத் திறந்து இருபுறமும் மெல்ல அசைத்துப் பார்த்தான். ஆணி தளர்ந்து ஆடியவற்றை ஒதுக்கினோம். மடக்கினால் அலகு பிடியின் நடுவே அமர வேண்டும். பக்கத்தில் உரசினால் வாய் மழுங்கும். அடுத்தது பூட்டு. வெறும் வில்லின் இறுக்கத்தால் மட்டும் நிற்கும் கத்தி, அழுத்தி வேலை செய்கையில் சட்டென மடங்கி விரலைப் பதம் பார்க்கும். ஈரக்கையோடு தொழில் செய்கிறவனுக்குத் திறந்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தியே பாதுகாப்பு. விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, அதன் முதுகை மரப்பலகையில் மெதுவாகத் தட்டினான். பூட்டு நழுவிய இரண்டும் ஒதுங்கின.

அலகின் நீளம் மூன்று அங்குலம் போதும். கயிறு அறுக்கவும், மடவை மீனின் வயிற்றைக் கீறவும், ஓலை நறுக்கவும் அதற்கு மேல் வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் ஒன்றைக் கடைக்காரர் காட்டியபோது மகனின் கண்கள் விரிந்தன. தாய் ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மறுகோடியில் வைத்துவிட்டாள்.

இரும்பைப் பற்றியும் சிறிது யோசித்தோம். கரி மிகுந்த பழைய வகை எஃகு எளிதில் கூர்மை ஏறும். ஆனால் உவர்நீர் பட்டால் ஓரிரவில் துருப்பிடிக்கும். நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் குரோமியம் கலந்த எஃகு துருவை எதிர்க்கும். இங்கிலாந்தின் செபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி 1913இல் இத்தகைய எஃகை உருக்கியதிலிருந்து கத்தித் தொழிலே மாறியது. எங்கள் ஏரியில் மழைக்காலத்தே உப்புக் குறையும். கோடையில் சிற்சில இடங்களில் கடலினும் மிகும். அந்த உப்பு துருப்பிடிக்காத எஃகையும் புள்ளி புள்ளியாக அரிக்க வல்லது. ஆதலால் துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்பி வாளாவிருத்தல் ஆகாது. நாள்தோறும் நன்னீரில் அலம்பி, துடைத்து, உலர்த்தி, ஆணியில் ஒரு துளி தேங்காயெண்ணெய் விட வேண்டும்.

முடிவில் சொரசொரப்பான பிடியும், கயிறு கோக்கத் துளையும் உள்ள எளிய கத்தி ஒன்றை 280 ரூபாய்க்கு வாங்கினோம். மீதிப் பணத்தில் தீட்டுக்கல்லும், நீரில் விழுந்தாலும் கண்ணில் படும்படி சிவப்புக் கயிறும் வந்தன.

வீட்டுக்கு வந்ததும் தாய் இரண்டு நிபந்தனைகள் விதித்தாள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது முன்னோர் வழக்கு. ஆகவே எவருக்குக் கொடுத்தாலும் கீழே வைத்துத்தான் கொடுக்க வேண்டும். இரண்டாவது, தொழில் முடிந்து கரையேறினால் கத்தி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மகன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

மூன்று வாரம் சென்றிருக்கும். எங்கள் ஏரியில் பாடு என்னும் முறை உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு அது. ஒரு மாலை, முறை தவறியதென்று கரையில் வாக்குவாதம் மூண்டது. அப்போதுதான் வலையை உலர்த்திவிட்டு வந்த மகன், கூச்சல் கேட்டதும் ஓட எழுந்தான். வாசலைத் தாண்டியவன் நின்றான். திரும்பி வந்து, இடுப்பிலிருந்த கத்தியை அவிழ்த்துத் தாயின் அருகே திண்ணையில் வைத்தான். பிறகுதான் கரைக்குப் போனான்.

அன்று கரையில் வார்த்தை தடித்ததேயன்றிக் கைகலப்பு நேரவில்லை. பெரியவர்கள் வந்து பேசித் தீர்த்தார்கள். எங்கள் மகன் கத்தியை வைத்துவிட்டுப் போனதால்தான் அமைதி ஏற்பட்டது என்று சொல்ல நாங்கள் துணியோம். ஆனால் அன்றிரவு எங்கள் வீட்டில் எல்லோரும் நேரத்தோடு உறங்கினோம்.

கெத்சமனித் தோட்டத்தில் பேதுருவிடம் வாளை உறையிலிடுமாறு ஆண்டவர் பணித்ததை நாம் அறிவோம். அந்தப் பேதுருவும் ஓர் ஏரியில் வலை வீசியவரே. நல்ல கத்தியின் அடையாளம் அலகு உறுதியாய்த் திறந்து நிற்பது மட்டுமன்று. உரிய வேளையில் மடங்கவும் வேண்டும். பிள்ளைக்குக் கத்தி வாங்கும் பெற்றோர் முன்னதைக் கடையில் சோதித்துக்கொள்ளலாம். பின்னதை வீட்டிலேதான் பழக்க வேண்டும்.